கதவும் தாழ்ப்பாளும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கடல் இல்லை. திருமுக்குளம் உண்டு, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்துக்குப் போனால் பஞ்சாலைகளும் மேற்கு மலையும் உண்டு. ஆனாலும் இந்த ஊர்ப் பெண் ஆண்டாள், திருப்பாவையின் நான்காம் பாட்டிலேயே மழைத் தெய்வத்தைக் கடலுக்குள் இறக்கிவிடுகிறாள். நீரை முகந்துகொண்டு, கறுத்து, மின்னி, இடித்துப் பெய் என்று ஆணையிடுகிறாள். முப்பதாம் பாட்டில் அதே கடலைக் கடைந்தவனைப் பாடி முடிக்கிறாள். வானம் பார்த்த பூமிக்காரிக்குக் கடல் ஒரு களஞ்சியம்.

எபிரேயக் கவிகளுக்கோ அது பகைவன். யோபுவின் நூலில் ஆண்டவர் கடலுக்குக் கதவும் தாழ்ப்பாளும் போட்டு எல்லை வகுக்கிறார். 74-ஆம் சங்கீதத்தில் லிவியாதான் என்னும் கடற்பாம்பின் தலைகளை நசுக்குகிறார். ஆமோஸ் தீர்க்கதரிசி மட்டும் ஆண்டாளுக்குச் சற்று அருகே வருகிறார். கடல் நீரை அழைத்துத் தரையில் ஊற்றுகிறவர் என்று கடவுளைப் பாடுகிறார்.

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு கிறிஸ்தவ நண்பர் உண்டு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஒரு நாள் 2004 டிசம்பர் 26-ஐப் பற்றிப் பேச்சு வந்தது. மார்கழி மாதம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. திருப்பாவையும் சங்கீதமும் ஒலித்த அந்த வேளையில் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின.

“அந்தக் கதவு அன்றைக்கு எங்கே போச்சு, அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. “74-ஐ முழுசாப் படிச்சுப் பாருங்க. கோயிலைக் கோடாலியால வெட்டிக் கொளுத்தின பிறகு பாடினது அது. அன்னிக்குக் கடலை அடக்கினவர் இன்னிக்கு ஏன் கையைக் கட்டிக்கிட்டு இருக்கார்னு வழக்காடுறான் அந்தக் கவி” என்றார்.

வீட்டுக்கு வந்து படித்தேன். அவர் சொன்னது சரிதான். 89-ஆம் சங்கீதமும் கடலை ஆள்பவரைப் போற்றித் தொடங்கி, கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு வந்து சேர்கிறது. பிறகு நாச்சியார் திருமொழியைப் புரட்டினேன். அங்கே ஆண்டாள் கடலையே விளித்துப் பேசுகிறாள்: உன்னைக் கடைந்து சாரத்தை எடுத்துக்கொண்டவனே என்னுள்ளும் புகுந்து வாட்டுகிறான், என் துயரை அவனுடைய பாம்பணையிடம் போய்ச் சொல்வாயா என்று.

கடலை அடக்கினாய் என்று பாடுவது வெறும் புகழ்ச்சி என்று இனி எனக்குத் தோன்றாது. அது ஒரு மனு. கேட்க உரிமை உண்டு என்று நம்புகிறவன்தான் அவ்வளவு உரக்கக் கேட்பான்.