பல் கூசும் குளிர்காலம்

தில்லிக்கு மாற்றலாகி வந்த முதல் தை மாதத்தில், காலையில் குழாய்நீரை வாயில் வைத்ததும் பற்களில் மின்னல் வெட்டினாற்போல் கூசிற்று. ரயில்வேயில் கணக்கெழுதும் நாம், அக்குற்றத்தை வடநாட்டுக் குளிரின் பற்றில் எழுதிவிட்டோம். ஊரிற் பழகிய உமிக்கரியால் முன்னிலும் அழுத்தித் தேய்த்தோம். கூச்சம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை.

பல் மருத்துவர் நம் ஈறுகளைக் கண்டு உண்மையை விளக்கினார். பல்லின் மேற்பூச்சு எனாமல். அதன் அடியிலுள்ள டென்டினில் கண்ணுக்குப் புலனாகாத நுண்குழல்கள் உண்டு. அழுத்தித் தேய்க்கத் தேய்க்க ஈறு இறங்கி, வேர்ப்பகுதி வெளிப்படுகிறது. குளிர்ச்சி பட்டதும் குழல்களிலுள்ள நீர்மம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. குற்றவாளி குளிரன்று, நமது கையே!

மென்மையான பிரஷ், 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசை, இருவேளை மெல்லத் துலக்கல், புளிப்பு உண்டால் அரைமணி கழித்தே துலக்கல்: இவையே அவர் விதித்த முறைகள். பொட்டாசியம் நைட்ரேட் என்பது வேறொன்றுமன்று, நாம் அறிந்த வெடியுப்பே. நான்கு வாரங்களில் கூச்சம் அடங்கிற்று.

அடுத்த ஆண்டு நம் இல்லாளுக்கு ஒரே பல்லில் வலி. குளிர்நீர் போனபின்னும் நெடுநேரம் நின்றது. "உனக்கும் கூச்சந்தான், பற்பசை போதும்" என்று நாமே மருத்துவரானோம். இரண்டு மாதங்களில் சொத்தை வேர்வரை பரவி, பல்லையே எடுக்க நேர்ந்தது.

அன்பர்களே! நொடியில் மறைவது கூச்சம். நின்று வலிப்பது நோய். இவ்வேறுபாட்டை நாம் அன்றே அறிந்திருந்தால், அப்பல் பிழைத்திருக்கும்.