மலைக்கோட்டையும் கடற்கப்பலும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நிற்பவருக்குச் சிறுமலை தெரியும், பழனி மலைத்தொடர் தெரியும், கடல் தெரியாது. ஆயினும் கீழே திருச்சியை நோக்கி ஓடும் ரயில் பாதை 1875-ஆம் வருஷம் முதல் இந்தச் சமவெளியைக் கடற்கரையுடன் பிணைத்துவிட்டது. மழை பொய்த்த காலங்களில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களை நாடியவர்கள் இவ்வழியேதான் திருச்சி, தஞ்சை கடந்து நாகப்பட்டினம் சேர்ந்தார்கள்.

அங்கே காத்திருந்த கப்பல்களில் 'ரஜூலா', 'ரோனா' என்னும் இரண்டும் சகோதரிகள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926-ல் கட்டப்பட்டவை. தளத்தில் பாய் விரித்துப் படுத்த நம் ஜனங்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுசேர்த்தன. இரண்டாவது உலக யுத்தம் மூண்டதும் இரண்டுமே துருப்புக் கப்பல்களாயின.

1943 நவம்பர் 26. சுமார் 2,000 அமெரிக்கச் சிப்பாய்களுடன் ரோனா அல்ஜீரியாவின் கரையோரமாக வந்துகொண்டிருந்தது. அவர்கள் வரவேண்டிய தேசம் எது? நம் இந்தியாவேதான்! ஜெர்மன் விமானம் ஒன்று குண்டு வீசியது. சாதாரணக் குண்டன்று, விமானத்திலிருந்தபடியே ரேடியோவினால் திசை செலுத்தக்கூடியது. கப்பல் மூழ்கிற்று. 1,015 அமெரிக்கர் மாண்டனர். ஊழியர்களிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள்.

புதிய ஆயுதத்தின் வலிமை வெளியாகக் கூடாதென்று அமெரிக்க சர்க்கார் விவரங்களை நெடுங்காலம் மூடி வைத்தது. இறந்த பிள்ளை எப்படி இறந்தான் என்று அறியாமலே எத்தனையோ பெற்றோர் கண்மூடினர். பின்னர் எழுதப்பட்ட சரித்திரங்களில் அமெரிக்கர் கதை பக்கம் பக்கமாக வருகிறது. நம் மாலுமிகளுக்கோ இரண்டு வரி கிடைத்தால் அதிகம். எரியும் கப்பல் மட்டும் அப்படி ஆள் பார்த்தா சுட்டது?

ரஜூலா தப்பிப் பிழைத்தது. யுத்தம் முடிந்தபின் பழைய மார்க்கத்துக்கே திரும்பி, 1970-களின் தொடக்கம் வரையில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிற்று. சிப்பாய்கள் படுத்த தளத்தில் மறுபடியும் பாய்கள் விரிந்தன.