நான் ஒட்டிக்கொடுத்த ரப்பர்

ஒரு சிறுமிக்கு டேபிள் டென்னிஸில் பேக்ஹேண்ட் சொல்லித்தர வேண்டிய நான், அதைச் செய்யாமல் அவள் பேட்டின் ஒரு பக்கத்தில் லாங் பிம்பிள்ஸ் ரப்பரை ஒட்டிக்கொடுத்தேன். மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. என் பயிற்சிக் கூடத்துக்கு ஒரு கோப்பை வேண்டும் என்ற ஆசை. வேறு காரணம் எதுவும் இல்லை.

அவளுக்கு முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். பேக்ஹேண்டுக்கு வயிற்றின் முன்னால் இடம் வேண்டும். முழங்கை உடம்பைவிட்டுச் சற்று முன்னே நிற்க, முன்கை அதிலிருந்து விரிய வேண்டும். பந்து குதித்து உச்சிக்கு வரும் நேரத்தில் பேட்டைக் கொஞ்சம் கவிழ்த்துத் தொட வேண்டும். அவளோ தோளிலிருந்து தள்ளினாள். பந்து வலையில் விழும், இல்லையென்றால் டேபிளைத் தாண்டிப் போகும். திருத்தும் வழி எனக்குத் தெரியாமல் இல்லை. முதலில் பந்தில்லாமல் ஷேடோ பிராக்டிஸ், பிறகு கூடை நிறையப் பந்து வைத்து ஒரே இடத்துக்குப் போட்டுத் தரும் மல்டிபால், அப்புறம் ஃபுட்வொர்க். மாதக்கணக்காகும். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

லாங் பிம்பிள்ஸின் நீளமான முளைகள் மடங்கிக்கொடுத்து, வரும் பந்தின் சுழற்சியைப் பெரிதாக மாற்றாமல் திருப்பி அனுப்பும். எதிராளி போட்ட டாப் ஸ்பின் அவரிடமே பேக் ஸ்பின்னாக வந்து சேரும். சின்னப் பிள்ளைகள் இதை எங்கே கண்டார்கள்? அவள் பேட்டை நீட்டினாலே போதும், வலையில் அடித்தார்கள். ஜெயித்தாள். கோப்பையோடு போட்டோவில் நானும் நின்றேன்.

ரப்பரின் மேல் பழிபோட மாட்டேன். விதி அனுமதிக்கும் ரப்பர்தான் அது. இந்திய வீராங்கனை மணிகா பத்ரா பேக்ஹேண்டில் அதை வைத்துத்தான் 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். ஆனால் அவர் வேண்டும்போது பேட்டைக் கையிலேயே திருப்பிப் பிடித்து, மறுபக்கத்து ரப்பரால் பேக்ஹேண்ட் அடிக்கத் தெரிந்தவர். நான் கொடுத்தது அடிக்கவே தெரியாத குழந்தையிடம்.

மாநிலப் போட்டியில் விவரம் தெரிந்த பிள்ளைகள் சுழற்சியே இல்லாத பந்தை அவள் பேக்ஹேண்டுக்கு நீளமாகப் போட்டார்கள். திருப்பித்தர ரப்பரிடம் ஒன்றுமில்லை. மிதந்து வந்த பந்தை அடித்து முடித்தார்கள். செட் இடைவேளையில், "இப்ப என்ன சார் பண்றது?" என்று கேட்டாள். "நிதானமா ஆடும்மா" என்றேன். சொல்ல வேறெதையும் அவளுக்கு நான் கற்றுத்தந்திருக்கவில்லை.

இதைவிடப் பெரிய தவறு பிறகு நடந்தது. அவளுடைய அப்பா வந்து கேட்டபோது, "பொண்ணுக்கு வேகம் பத்தலைங்க" என்றேன். அது பொய். அவர் நம்பினார், அவளும் நம்பியிருப்பாள். கொஞ்ச நாளில் ஆட்டத்தையே விட்டுவிட்டாள். அவர்களைத் தேடிப்போய் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

பெற்றோர்களே, ஆட வந்த புதிதிலேயே உங்கள் பிள்ளையின் பேட்டில் பிம்பிள்ஸ் ஒட்டச் சொன்னால், ஏன் என்று கோச்சைக் கேளுங்கள். சாதாரண ரப்பரில் பேக்ஹேண்ட் அடித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் சம்மதியுங்கள்.