எண்ணூர்க் கரையில் ஒரு ரங்கூன்

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மயிலாப்பூர்க் கோபுரத்தையும் மெரீனா மணலையும் பார்த்த மட்டில் திருப்தியடைந்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். கோட்டைக்கு வடக்கேயும் ஒரு சென்னை இருக்கிறதென்பது அவர்களில் பலருக்கு ஞாபகமே வருவதில்லை. இராயபுரத்தில் தொடங்கி, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரையில் நீண்டு கிடக்கும் அந்தக் கடலோரம் கண்ணுக்கு இனிய காட்சி என்று சொல்வதற்கில்லை. ஒரு பக்கம் கருங்கல் அணையில் மோதும் அலை. மறுபக்கம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெயினர் லாரிகள். ஆயினும், குடும்ப சகிதமாகக் கடல் கடந்து உத்தியோகத்துக்குப் போக யோசிப்பவர் எவரும் புறப்படுமுன் ஒரு தடவை இவ்வழியே போய்வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இராயபுரம் ரயில் நிலையம் 1856-ம் வருஷத்தில் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அதன் தூண்களைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், துறைமுகம் எவ்வளவு சமீபம் என்பது மனதில் படுகிறது. உள்நாட்டு ஜில்லாக்களிலிருந்து ரயிலேறி வந்த எத்தனையோ குடும்பங்கள், இந்தத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று நான்கு நாட்களில் ரங்கூன் போய் இறங்கின. 1937-ம் வருஷம் வரையில் பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. ஆகையால் பாஸ்போர்ட்டு என்ற பேச்சே கிடையாது. டிக்கெட்டு வாங்கக் காசிருந்தால் போதும். கப்பலின் தட்டில் பாயை விரித்துப் படுத்துவிடலாம்.

1931-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி பர்மாவில் இந்தியர்கள் 10 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். ரங்கூன் நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்களே. மூட்டை தூக்கியவர்கள், நெல் ஆலையில் உழைத்தவர்கள், குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், லேவாதேவி செய்த நகரத்தார் என்று எல்லாத் தரத்தினரும் அங்கே இருந்தார்கள்.

இவர்கள் கணக்குப் பாராமல் போனவர்கள் அல்லர். கப்பல் கூலி எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, அரிசி என்ன விலை, மாதம் என்ன மிஞ்சும் என்றெல்லாம் விரல் மடக்கிப் பார்த்தே புறப்பட்டார்கள். அந்தக் கணக்கில் தப்பும் இல்லை. ஆனால், போவதற்குப் போட்ட கணக்கைத் திரும்புவதற்கு யாரும் போடவில்லை. மிஞ்சிய பணம் எந்த நாட்டில், எந்த உருவத்தில் இருக்கிறது என்ற கேள்வி பலருக்கு எழவேயில்லை.

இராயபுரத்தை விட்டுக் காசிமேட்டு மீன் மணத்தைக் கடந்து வடக்கே சென்றால் திருவொற்றியூர் வருகிறது. தியாகராஜ ஸ்வாமி கோயிலும் வடிவுடையம்மன் சந்நிதியும் பிரசித்தமானவை. கோயிலுக்குக் கிழக்கே கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. கப்பல் வியாபாரத்தில் பெருஞ்செல்வம் குவித்த அவர், காதில்லாத ஓர் ஊசியைக் கண்டு எல்லாவற்றையும் துறந்தார் என்பது கதை. அவர் தாமாகவே துறந்தார். அங்கிருந்து ஒரு நாழிகைப் பிரயாணத்தில், துறக்கும் எண்ணம் சிறிதுமில்லாமலே யாவற்றையும் விட்டு வந்தவர்களின் ஊர் இருக்கிறது.

வழி நெடுக ஆலைகள். 1946-ம் வருஷத்தில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய ரப்பர்த் தொழிற்சாலையும், 1955-ம் வருஷம் முதல் என்பீல்டு மோட்டார் சைக்கிளும் திருவொற்றியூரில் வளர்ந்தவை. எண்ணூரில் லாரித் தொழிற்சாலை. வேலை கிடைக்கும் இடமாக இருந்தபடியால், வந்தவர்களில் சிலர் இப்பக்கம் குடியேறினார்கள். எண்ணூரில் உள்ள பர்மா நகர் என்ற பெயரே அதற்குச் சாட்சி.

அவர்கள் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 1941-ம் வருஷம் டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசினார்கள். அதையடுத்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகக் காடும் மலையும் தாண்டி வந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். யுத்தம் முடிந்து பலர் திரும்பிப் போனார்கள். 1948-ம் வருஷத்தில் பர்மா சுதந்திரம் பெற்றது. அந்நாட்டுப் பிரஜையாவதற்குச் சட்டம் வந்தபோது, விண்ணப்பமே செய்யாமல் இருந்துவிட்டவர்கள் அநேகர். 1962-ம் வருஷம் மார்ச்சு மாதம் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963-ல் பாங்கிகளும் 1964-ல் கடைகளும் சர்க்கார் வசமாயின. 1964-ம் வருஷம் மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று உத்தரவாயிற்று. இந்தியா திரும்பியோர் ஏறத்தாழ 3 லட்சம். கடையையோ வீட்டையோ கப்பலில் ஏற்ற முடியுமா? ரொக்கத்தையும் நகையையும் சுங்க அதிகாரிகள் தடுத்தார்கள்.

பர்மா நகரில் மொய்ங்கா விற்கும் ஓர் அம்மாளைக் கண்டேன். வாழைத்தண்டு போட்ட குழம்பும் சேமியா போன்ற அரிசி நூலும் சேர்ந்த அந்த ஆகாரம் இப்பக்கத்தில் வெகு பிரசித்தம்.

"எந்த வயதில் வந்தீர்கள், அம்மா?" என்று கேட்டேன்.

"பத்து வயசு இருக்கும், ஸார். அப்பா ரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்தார். பூட்டிச் சாவியைக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்துவிட்டு வந்தார். உள்ளே ஆறு மூட்டை உளுந்து இருந்ததாம். சாகிற வரையில் அந்த உளுந்தையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்."

"வேறு என்ன கொண்டு வந்தீர்கள்?"

"துணிமணி, இரண்டு பாத்திரம். அம்மாவுக்கு இந்தச் சமையல் தெரியும். அதில்தான் எங்களைப் படிக்க வைத்தாள்."

பர்மியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அந்நிய ஆட்சியாளர், மலிவான கூலிக்காக ஒரு நாட்டாரை இன்னொரு நாட்டில் கொண்டு நிரப்பினார்கள். 1930-ஐ ஒட்டி நெல் விலை வீழ்ந்து, கடன்பட்ட குடியானவர்களின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய ஜில்லாக்களில் நெல் நிலத்தில் சுமார் கால் பங்கு செட்டியார்கள் வசமாயிற்று. அந்தக் குடியானவனின் மனம் எப்படி இருந்திருக்கும்? நம் நாட்டு நிலம் அவ்விதம் பிறர் கைக்குப் போயிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? அண்டை வீட்டாரின் மனமும் குடும்பக் கணக்கில் சேர வேண்டிய ஓர் இனமே.

நகரத்தார் பர்மாவில் வாங்கிய நிலம் போயிற்று. காலத்தில் ஊருக்கு அனுப்பிய பணமோ, பர்மாத் தேக்குத் தூண்களாகச் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் நிற்கிறது. இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

இக்காலத்தில் நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போவதோடு, சீனாவுக்கும் குடும்பத்துடன் போகிறார்கள். சம்பளத் தொகையைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடாமல் சில விஷயங்களை விசாரிக்க வேண்டும். சீனாவில் யுவானாகப் பெறும் சம்பளத்தை வெளிநாட்டு நாணயமாக மாற்ற, வேலை ஒப்பந்தத்தையும் வரி கட்டிய அத்தாட்சியையும் பாங்கியில் காட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துவது அவசியம். 2011-ம் வருஷம் முதல் அங்கே அந்நிய உத்தியோகஸ்தர்களும் சமூக இன்ஷூரன்ஸில் சேர வேண்டுமென்பது சட்டம். சம்பளத்தில் அதற்கு எவ்வளவு பிடிப்பார்கள், ஊர் திரும்பும்போது எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். குடும்பத்தினர் என்ற முறையில் விசா பெற்றுச் செல்லும் மனைவி, அதை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்க்க இயலாது. ஒரு சம்பளத்தில் குடும்பம் நடக்குமா என்று பார்க்க வேண்டும். இங்குள்ள சாதாரண ஸேவிங்ஸ் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட்டு, சம்பாத்தியத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு ஒன்று தொடங்குவது நலம்.

குழந்தைகளின் படிப்பைப் பற்றி, உபாத்தியாயன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 1965-ஐ ஒட்டிப் பர்மாவில் தனியார் பள்ளிகளும் சர்க்கார் வசமாயின. பர்மிய எழுத்தில் படித்த பிள்ளைகள் இங்கு வந்து அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும், திரும்பி வந்தால் எந்த வகுப்பில் சேரலாம் என்பதைப் போகும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. அந்நிய நாட்டுப் பாஷையையும் அவர்கள் நன்றாகக் கற்கட்டும்.

வந்தவர்களை நம் சர்க்கார் கைவிடவில்லை. 1969-ம் வருஷத்தில், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காக ரெப்கோ பாங்கி ஏற்பட்டது. அதே வருஷத்தில் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் தோன்றியது. கப்பலில் இறங்கிய இடத்துக்கு எதிரிலேயே கடை போட்டு உட்கார்ந்தார்கள்! அவர்களுடைய மனத் திடத்தை என்னவென்று புகழ்வது!

ஆகவே நேயர்களே, போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரைகடல் ஓடுவது தமிழருக்குப் புதிதன்று. போகிறவர்கள் ஒரு காகிதத்தை எடுத்து, நாளைக் காலையில் திரும்ப நேர்ந்தால் கையில் என்ன இருக்கும் என்பதை மட்டும் எழுதிப் பார்க்கட்டும். வருஷத்துக்கு ஒரு முறை அதைத் திருத்தி எழுதட்டும். அக்காகிதத்தில் ஊரில் உள்ள பணம் இருக்க வேண்டும். செல்லுபடியாகும் தஸ்தாவேஜுகள் இருக்க வேண்டும். எந்தச் சுங்க அதிகாரியும் பறிக்க முடியாத தொழிலும் இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் தைரியமாகப் பெட்டியைக் கட்டலாம்.