அடுப்படிக்கு எத்தனை அடி?

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்)



டிராயிங் போர்டும் டி-ஸ்கொயருமாகத் திரிகிற சிவில்காரனுக்குக் கதைப் புத்தகம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுப்பை, பிளான் போட உதவும் என்று விளையாட்டாகத்தான் நூலகத்தில் எடுத்தேன். 1988-இல் வந்த புத்தகம்.

தலைப்புக் கதை நடப்பது ராஜஸ்தானில், அஜ்மீரில். பெரிய குடும்பம், பெரிய வீடு. சமையலறை மட்டும் ஓர் இருட்டு மூலை. மருமகள் மீனாட்சி மாமனாரிடம் சொல்கிறாள்: சமையலறைத் தாழ்வாரத்தை நீட்டலாம், பாத்திரம் கழுவும் தொட்டியைப் பெரிதாக்கலாம், துணிக்கொடியை எடுத்தால் மலை தெரியும். அவருக்கு அது விளங்கவே இல்லை.

புத்தகம் விடுதியில் ஐந்து அறை சுற்றியது. “ஆம்பளைங்களைத் திட்டணும்னே எழுதியிருக்காங்கடா” என்றான் மெக்கானிக்கல் நண்பன். “அடுப்படி எங்கம்மா ராஜ்ஜியம். அங்க எங்கப்பாவே வாய் திறக்க மாட்டாரு” என்றான் எலக்ட்ரிக்கல்காரன்.

வகுப்புத் தோழி விடவில்லை. “கதையை ஒழுங்காப் படிச்சியா? அந்த வீட்டுப் பொம்பளைங்களும் அதை ராஜ்ஜியம்னு நம்பித்தான் ஒருத்தருக்கொருத்தர் முட்டிக்கிறாங்க. அந்த ராஜ்ஜியத்துல ஒரு தொட்டியை மாத்த முடிஞ்சுதா?”

நான் வாயே திறக்கவில்லை. காரணம் இருந்தது.

அப்போது ஊரில் எங்கள் வீட்டு வேலை ஆரம்பித்திருந்தது. பிளான் என்னுடையது! ஹால் 14-க்கு 12 அடி. அக்னி மூலையில் அடுப்படி 7-க்கு 8. தேசியக் கட்டட விதியில் சாப்பாட்டு இடம் தனியாக இருந்தால் சமையலறைக்கு 5 சதுர மீட்டர் போதும். என்னுடையது அதற்குக் கொஞ்சம் மேலேயே. விதிப்படி சரி. பைக் எங்கே நிற்கும் என்று அப்பாவிடம் கேட்டேன், டி.வி. எங்கே என்று தம்பியிடம் கேட்டேன். அம்மாவிடம் எதுவுமே கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையே ஊருக்குப் போனேன். சுண்ணாம்புக் கோட்டுக்குள் அம்மாவை நிற்கச் சொன்னேன். “இங்கன கிரைண்டர், இங்கன அடுப்பு, இங்கன குடம்...” என்று கைகாட்டிக்கொண்டே வந்தவள் சிரித்தாள். “அப்ப நான் எங்கனய்யா நிக்கிறது?”

அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது.

“வானம் தோண்டியாச்சு, இனி எதை மாத்த?” என்றார் அப்பா. ஜன்னல் மட்டும்தான் பாக்கி. பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து 2-க்கு 2 அடியில் போட்டிருந்தேன். அதை அழித்துவிட்டு, கிழக்கே கண்மாயைப் பார்த்து 4-க்கு 4 என்று வரைந்தேன்.

“அடுப்படிக்கு எதுக்குடா இம்புட்டுப் பெரிய ஜன்னல்?” அஜ்மீர் மாமனாரே எங்கள் ஊருக்கு வந்துவிட்டது போலிருந்தது.

நான் விளக்கம் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “நான் பாக்கத்தான்.”

அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. ஜன்னல் வந்தது. அடுப்படி இன்றும் 7-க்கு 8தான். அது என் தப்பு, இனித் திருத்த முடியாது.

நண்பர்களே, நாளை நீங்களும் நூறு வீட்டுக்குப் பிளான் போடுவீர்கள். பென்சிலை எடுக்கும் முன், அந்த வீட்டு அடுப்படியில் நிற்கப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்!