அடுப்பை விட்டுத் தள்ளிப் போனால் சுடுமா?

எங்க அம்மாயிக்கு 1955 ஜூன் 20 நல்லா ஞாபகம் இருக்கு. திகதியை நாங்கள்தான் தேடிப் பிடித்தோம். காலையில் இருட்டிக்கொண்டு வந்ததும், கோழிகள் கூட்டுக்கு ஓடியதும், பிள்ளைகளையெல்லாம் காம்பிராவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியதும்தான் அவருடைய கணக்கு. அன்று முழுச் சூரிய கிரகணம் இலங்கைக்கு மேலாகப் போனது. சந்திரன் சூரியனை முழுசா மூடுகிற சில நிமிடங்களில் மட்டும், சூரியனைச் சுற்றி வெள்ளையாய் ஓர் ஒளி தெரியும். அதுதான் கொரோனா, சூரியனின் வெளி வளிமண்டலம். (வைரஸுக்குப் பெயர் வந்ததும் அந்தக் கிரீட வடிவத்தால்தான்.)

2019 டிசம்பர் 26 வளையக் கிரகணம் வடக்குக்குத்தான் வாய்த்தது. எங்கள் தோட்டத்துக்கு அரைகுறை. பழைய எக்ஸ்ரே படத்தை வைத்துப் பார்த்தோம். நீங்க அப்படிப் பார்க்காதீங்க, கண் போயிடும்.

நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவு மட்டும்தான். அதனால் கொரோனாவைப் பற்றி ஆங்கில வீடியோக்களை நிறுத்தி நிறுத்தித்தான் படித்தோம். 'இலத்திரன்' வரைக்கும் சாதாரணதரப் புத்தகம் கை கொடுத்தது.

சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். அதற்கு வெளியே இருக்கிற கொரோனாவோ 10 இலட்சம் பாகையைத் தாண்டும். அம்மாயியிடம் சொன்னோம். "அடுப்ப விட்டுத் தள்ளிப் போனா குளிருமே தவிர சுடுமாடா?" என்றார். விஞ்ஞானிகளின் கேள்வியும் அதேதான்.

1869 கிரகணத்தில் கொரோனாவின் ஒளியில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. ஏதோ புது மூலகம் என்று நினைத்து 'கொரோனியம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 70 வருடம் கழித்து குரோட்ரியனும் எட்லனும் கண்டுபிடித்தது, அது நம்ம இரும்புதான் என்று. ஆனால் 13 இலத்திரன்களை இழந்த இரும்பு. அவ்வளவையும் உரித்தெடுக்க இலட்சக்கணக்கான பாகை வெப்பம் வேணும்.

அந்த வெப்பம் அடுப்பு அனல் மாதிரி மேலே போவதில்லை. லயத்துக்கு வருகிற கரண்ட் கம்பி பெரிதாகச் சுடாது, அது கொண்டுவருகிற சக்தியில் ஹீட்டர் சுருள் சிவக்கும். சூரியனில் கம்பி வேலையைச் செய்வது காந்தப்புலம். மேற்பரப்பில் மின்னேற்றம் கொண்ட வாயு சோற்றுப் பானை மாதிரிக் கொதிக்கும்போது காந்தக் கோடுகளின் அடிகளையும் சேர்த்து இழுத்து அலைக்கழிக்கிறது. அந்த ஆட்டம் அலையாக மேலே போய்ச் சூடாக்குகிறது என்பது ஒரு கட்சி. இப்படி ஓர் அலை இருக்கும் என்று அல்ஃவேன் 1942-லேயே சொன்னவர். கோடுகள் சடை மாதிரிப் பின்னி, இறுகி, அறுந்து மறுபடி இணையும்போது சின்னச் சின்னதாய் வெடிக்கின்றன என்பது யூஜின் பார்க்கரின் கட்சி. கொரோனா மிக மிக ஐதானது, கொஞ்சச் சக்தியே அதைக் கொதிக்க வைத்துவிடும். இரண்டுமே நடக்கலாம், எது எவ்வளவு என்பதில்தான் வழக்கு. எங்களுக்குச் சடைக் கதைதான் பிடிச்சது.

அந்தப் பச்சைக் கோட்டை இப்போது ஆதித்யா-எல்1 பார்க்கிறது. 2023 செப்டம்பர் 2 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது. கிளம்பியபோது திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டைக்காரர், நிகர் ஷாஜி. அதிலுள்ள ஒரு கருவி சூரிய வட்டை மறைத்துத் தனக்கென்று கிரகணத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

முழுக் கிரகணப் படம் ஒன்றைப் போனில் காட்டினோம். அம்மாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதப் பாக்கக் கூடாதுன்னா கதவச் சாத்துனாங்க?"