கிராணித் தாத்தாவின் வன்தட்டு

சிரம்பான் நகரை ஒட்டிய தெமியாங்கில், ஒரு வரிசை வீட்டின் முன்னறையில் பழைய மேசைக்கணினி ஒன்று இருந்தது. சில நாள்களாக அதை முடுக்கும்போதெல்லாம் ‘டிக், டிக்’ என்ற ஓசை எழுந்தது. தாத்தா அதைப் பொருட்படுத்தவில்லை. படிவம் நான்கில் பயிலும் பேத்திக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது. வன்தட்டினுள் சுழலும் தகடுகளை வாசிக்கும் முனை, வாசிக்க இயலாத இடத்தில் திரும்பத் திரும்பத் தடுமாறினால் அப்படித்தான் ஓசை வரும்.

தாத்தா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக வேலை செய்தவர். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயன் வீடுகளும் இடிக்கப்பட்டபின், அங்கு வாழ்ந்தவர்களைத் தேடிப் போய் அவர்களின் நிழற்படங்களைக் கேட்டு வாங்கினார்; ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பால் நிறுக்கும் கொட்டகை, திருமணங்கள், தீமிதி, பள்ளிப் பிள்ளைகள் என நூற்றுக்கணக்கான படங்கள். திருப்பிக் கொடுத்தவற்றுள் பல, கறையானுக்கும் வெள்ளத்திற்கும் இரையாகிவிட்டன. எஞ்சியவை அந்த வன்தட்டில்தான் இருந்தன.

படங்களை மட்டும் நகலெடுக்க முயன்றபோது கணினி பாதியிலேயே உறைந்து நின்றது. எனவே வன்தட்டு முழுவதையும் புதிய வன்தட்டுக்கு மாற்றும் குளோனிங் முறையைப் பேத்தி தேர்ந்தெடுத்தாள். தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணிமை மையத்தில் உருவான குளோன்சில்லா என்னும் இலவச மென்பொருள் அதற்கு உதவும். அதை விரலியில் ஏற்றி, விரலியிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். அப்போது பழைய வன்தட்டிலுள்ள விண்டோஸ் விழிக்காது. அந்தத் தட்டில் புதிதாக எதையும் எழுதவும் செய்யாது. (விரலிக்கும் மலேசியாவுக்கும் ஓர் உறவு உண்டு. சிலாங்கூரின் செகிஞ்சானில் பிறந்த புவா கெயின் செங், தைவானில் தோழர்களுடன் தொடங்கிய நிறுவனம்தான் 2001இல் விரலிக்கான ஒற்றைச் சில்லுக் கட்டுப்படுத்தியை உருவாக்கியது.)

முதல் முயற்சியில், பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே விரலிக்குள் போட்டாள். கணினி விரலியைத் திரும்பியும் பார்க்காமல் விண்டோஸுக்குள் நுழைந்தது. மறுபடியும் ‘டிக், டிக்’. இரண்டாம் தடவையும் அதே கதை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விரலி தோற்கும் ஒவ்வொரு தடவையும், நலிந்த வன்தட்டல்லவா ஓடுகிறது! கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து வன்தட்டின் இணைப்பைக் கழற்றினாள்.

“என்னம்மா, அதையே கழற்றிட்ட?” என்றார் தாத்தா.

“விரலியைச் சோதிக்க இது வேண்டாம் தாத்தா. இது ஓய்வெடுக்கட்டும்.”

அன்று அவள் செய்தவற்றுள் மிகச் சரியான செயல் அதுதான். அதன்பின் அவள் அவசரமின்றித் தவறு செய்யலாம்.

பழைய பயாஸ் கணினி, தொடங்கும்போது விரலியின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்குள்ள சிறு நிரலை இயக்கும். கோப்பை உள்ளே வைப்பதால் அந்த நிரல் அங்கே வந்துவிடாது. புத்தகத்தைப் பூட்டிய பெட்டியில் வைத்துவிட்டு, வாசிக்கவில்லையே என்று குறைப்பட்டால் எப்படி? ரூஃபஸ் போன்ற மென்பொருள்தான் அதை உரிய இடத்தில் எழுதும். எழுதும்போது விரலியிலுள்ள மற்றவை அழியும் என்பதால், தன் வரலாற்றுப் பணித்திட்டத்தை முதலில் வேறிடத்தில் சேமித்தாள்.

ரூஃபஸ் கொண்டு எழுதிய விரலி அவளுடைய மடிக்கணினியில் உடனே வேலை செய்தது. தாத்தாவின் கணினியில் செய்யவில்லை. விரலி பழுதில்லை என்பது உறுதியாயிற்று. புதிய கணினிகளின் யூஈஎஃப்ஐ முறைக்கேற்ற ஜிபிடி அமைப்பை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். எம்பிஆர் அமைப்புக்கு மாற்றி மீண்டும் எழுதினாள். கணினியை முடுக்கியதும் எஃப்12 விசையை அழுத்தி, பட்டியலில் விரலியைத் தேர்ந்தெடுத்தாள். குளோன்சில்லாவின் பட்டியல் திரையில் விரிந்தது.

வன்தட்டுகள் இரண்டையும் இப்போது இணைத்தாள். திரையில் அவற்றின் பெயர்கள் எஸ்டிஏ, எஸ்டிபி என்று ஓரெழுத்து வேறுபாட்டில் நின்றன. மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தால், வெற்றுத் தட்டு படங்களின்மீது எழுதப்பட்டுவிடும். ஒட்டுத்தாளில் இருந்த எண்களைத் தாத்தா உரக்கப் படித்தார்.

“பழசு 320 ஜிபி. புதுசு 500.”

“இன்னொரு தரம் படிங்க தாத்தா.”

அவர் மீண்டும் படித்தார். நகலாக்கம் தொடங்கிச் சிறிது நேரத்தில், பழுதான பகுதியில் நின்றுபோனது. அத்தகைய பகுதிகளைத் தாண்டிச் செல்லும் மீட்புத் தெரிவைச் சேர்த்து மறுபடியும் தொடங்கினாள். தாத்தா கோப்பியோடு அருகில் அமர்ந்தார். விடியற்காலையில்தான் வேலை முடிந்தது. பழைய தட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கொண்டு கணினியை முடுக்கினாள், ஓசையே இல்லை.

படங்கள் வந்திருந்தன. தீமிதிப் படம் ஒன்றில் மட்டும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருந்தது. மேலே கோபுரமும் கொடியும், ஆள்கள் இல்லை. தாத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை நெருங்கினார்.

“இந்த இடத்துல பூக்குழி. இடப்பக்கம் மண்டோரு நிக்கிறாரு. அவரு பக்கத்துல உன் பாட்டி, கையில பால்குடம்...”

பேத்தி ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள்.